இருபத்து நான்காவது பெயர்

மார்ச் 2

நினைவுக்கல் வைக்கப்போகும் பூங்காவில் இருக்கிற பெஞ்சுக்குக் காலையில் பச்சை அடித்தேன். ‘ஈரம், உட்காராதீர்கள்’ என்று அட்டையும் நானே எழுதி வைத்தேன். சாயங்காலம் அங்கேயே குழுக் கூட்டம். அந்தப் பெஞ்சில் போய் உட்கார்ந்த ஒரே ஆள் நான்தான். தலைவர், “போர்வீரனோட அப்பா, எழுந்து நில்லு” என்றார். பெருமையாக எழுந்து, நாலு பக்கமும் திரும்பித் தலையாட்டினேன். வெள்ளைச் சட்டையின் முதுகில் ஐந்து பச்சைக் கோடு. ஒருத்தரும் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்ததும் மனைவி, “பட்டாளத்துல அப்பனுக்கும் பதவி குடுத்துட்டாங்களா?” என்றாள்.

மார்ச் 5

பெஞ்சுக்குப் பச்சை வேண்டாமாம், சாம்பல் நிறம் வேண்டுமாம். இதை முடிவு பண்ண இரண்டரை மணி நேரம். தலைவர் ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர். எட்டாம் வகுப்பில் என்னை இரண்டு வருடம் உட்கார வைத்தவர். முப்பது வருடமாகச் சுவருக்கு வெள்ளையடித்துப் பிழைக்கிறேன், அவர் எதிரே மட்டும் இன்னும் கை தானாகக் கட்டிக்கொள்கிறது.

மார்ச் 7

சாம்பல் சோகமாக இருக்கிறதாம். மறுபடியும் பச்சை.

மார்ச் 9

கல் வந்து இறங்கிவிட்டது. பழுப்புக் கல். இந்த ஊரிலிருந்து போருக்குப் போனவர்கள் என்று, திரும்பி வந்தவர்களையும் சேர்த்து இருபத்து நாலு பெயர், பக்கத்துக்குப் பன்னிரண்டாக வெட்டியிருக்கிறார்கள். எழுத்தின் பள்ளத்தில் தங்க நிறம் ஏற்றுவது என் வேலை. வலது பக்கம் கடைசிப் பெயர் என் மகனுடையது. விரலால் நாலு தடவை தடவிப் பார்த்தேன். நாலா? பத்து இருக்கும்.

வீட்டில் சொன்னேன். மகன் சாப்பிட்டுக்கொண்டிருந்தவன் கையை நிறுத்தினான்.

“என் பேரை எடுக்கச் சொல்லுங்கப்பா.”

கல்லில் வெட்டியதை எப்படி எடுப்பது? சுவரா, மேலே ஒரு கை சுண்ணாம்பு அடிக்க?

மார்ச் 10

ஏன் என்று கேட்டேன். கதவைச் சாத்திக்கொண்டான். முப்பத்தொரு வயது ஆள்.

மார்ச் 12

திறப்பு விழாவுக்குக் கல்லை மூடத் துணி வேண்டும். அளவு கொடுத்துவிட்டு வரும்படி தலைவர் என்னைத் தையல்காரரிடம் அனுப்பினார். ஊரில் வேறு தையல்காரரே இல்லையா? இவருடைய மகனும் என் மகனும் ஒரே நாளில், ஒரே ரயிலில் போருக்குப் போனவர்கள். அவன் திரும்பவில்லை. காவலிடத்தை விட்டு ஓடிப்போனவன் என்று காகிதம் வந்தது, அவ்வளவுதான். எங்கே இருக்கிறான், இருக்கிறானா, யாருக்கும் தெரியாது. கல்லில் அவன் பெயர் கிடையாது.

அவர் அளவைக் குறித்துக்கொண்டார். “எத்தனை பேருண்ணே வெட்டியிருக்கு?” என்று மட்டும் கேட்டார். சொன்னேன். மிஷினை மிதிக்க ஆரம்பித்துவிட்டார். நான் அங்கேயே நின்று வெயிலைப் பற்றி ஏதோ உளறினேன்.

மார்ச் 13

தையல்கடைக்குப் போனதை மகனிடம் சொன்னேன். அவரையா துணி தைக்கச் சொன்னார்கள் என்று கேட்டுவிட்டு, தன் வளையாத முழங்காலைத் தடவிக்கொண்டே சொல்ல ஆரம்பித்தான். குண்டு பட்டு மலைமேல் கிடந்திருக்கிறான். காவலுக்கு நின்றவன் தையல்காரர் மகன். நகரக் கூடாது என்று உத்தரவு.

“அவன் ஓடுனது நெசந்தான்ப்பா. என்னைத் தூக்கிக்கிட்டு ஓடுனான்.”

மருத்துவக் கூடாரத்தில் இவனை இறக்கிவிட்டுக் காவலிடத்துக்குத் திரும்பினால் அவனுக்குத் தண்டனை. திரும்பவில்லை.

நாலு வருஷமா இதை ஏண்டா சொல்லல? கேட்கத்தான் நினைத்தேன். நாலு வருடமாக நான் என்ன கேட்டேன்? கால் வலிக்குதா, மாத்திரை போட்டியா, அவ்வளவுதானே.

மார்ச் 14

தலைவர் வீட்டுக்குப் போய், கையைக் கட்டாமல் நின்று எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டார், குறை சொல்ல முடியாது. பிறகு, காகிதத்தில் இருப்பதுதான் செல்லும், மகனை எழுதிக் கொடுக்கச் சொல், மேலே அனுப்பலாம், பதில் வர ஆறு மாதம் ஆகும், விழா பத்தொன்பதாம் தேதி என்றார். விழாவைத் தள்ளி வைக்கலாமே என்றேன்.

“அப்படியே வந்தாலும் இருபத்தஞ்சாவது பேரை எங்கய்யா போடுறது? ஒரு பக்கம் இழுத்துக்கிட்டு நிக்கும்.”

மனுஷனுக்குக் கவலையைப் பாரு!

மார்ச் 15

மகன் எழுதிக் கொடுத்துவிட்டான். மூன்று பக்கம்.

மார்ச் 17

காலை ஏழு மணியிலிருந்து கல் முன்னால். இரண்டாம் நம்பர் தூரிகை. ஓர் எழுத்தை நிரப்பி, வழிந்ததைத் துணியால் துடைத்து, அடுத்த எழுத்து. இருபத்து மூன்று பெயர் முடிந்தபோது மணி நாலு. டப்பாவை மூடினேன்.

தங்கம் ஏறாத எழுத்து பழுப்புக் கல்லில் பத்தடி தள்ளி நின்றால் தெரியவில்லை. தள்ளி நின்று பார்த்தேன். இப்போதே ஒரு பக்கம் இழுத்துக்கொண்டுதான் நிற்கிறது.

மார்ச் 19

விழா. துணியை இழுத்தார்கள். தலைவர் காகிதத்தைப் பார்த்துப் பெயர்களைப் படித்தார். கடைசிப் பெயரில் நிமிர்ந்து கல்லைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். கூட்டம் கலைந்ததும் கூப்பிட்டார். தங்கம் தீர்ந்துவிட்டது சார் என்றேன்.

“கணக்கு உனக்கு அன்னிக்கும் வரல, இன்னிக்கும் வரல” என்றார்.

ஆமாம் சார் என்றேன். மனைவி பக்கத்தில்தான் நின்றாள். டப்பா எங்கள் வீட்டு மாடிப்படிக்குக் கீழே பாதி நிறைந்து இருப்பது அவளுக்குத் தெரியும். வாயே திறக்கவில்லை, உலக அதிசயம்.

தையல்காரர் துணியை மடிக்கக் கல்லுக்குக் கிட்டே வந்தார். கண்ணாடியை ஏற்றிவிட்டு உற்றுப் பார்த்தார்.

“ஒண்ணு விட்டுப்போச்சேண்ணே.”

அதற்குள் மகன் காலை இழுத்துக்கொண்டு வந்து, துணி மூட்டையை அவர் கையிலிருந்து வாங்கினான். “கடை வரைக்கும் நானும் வரேன்ப்பா” என்றான். அப்பா என்று அவன் கூப்பிட்டது அவரை. இரண்டு பேரும் மெதுவாக நடந்து போனார்கள். அவன் ஏதோ சொல்ல ஆரம்பித்ததும், அவர் நடையை நிறுத்தி அவன் முகத்தைப் பார்த்தது இங்கிருந்தே தெரிந்தது.

அது அவன் சொல்ல வேண்டிய விஷயம். அதனால்தான், அவர் கேட்டபோது தொண்டை வரை வந்ததை நான் விழுங்கிக்கொண்டேன்.

ஒண்ணு இல்லண்ணே, ரெண்டு.