மண்ணுக்குள் இருந்தவனிடம் சொன்னது

என் அன்பு மனைவிக்கு,

நான் நலம். உன் இடுப்புவலி குறைந்ததா? அம்மா வேளாவேளைக்கு மாத்திரை போடுகிறார்களா?

நான் மேஸ்திரியான பிறகு முதல் சோதனை போன வாரம் வந்தது. பயப்படாதே, எல்லோரும் பிழைத்துவிட்டோம். குழாய் பதிக்கும் பள்ளத்தில் மண் சரிந்து, வெல்டர் மார்பு வரை புதைந்துவிட்டான். இயந்திரத்தை இறக்கித் தோண்டினால் மண் இன்னும் சரியும். பலகை முட்டுக்கொடுத்து, கையால்தான் அள்ள வேண்டும். ஆட்கள் கைகால் ஓடாமல் நின்றார்கள். நான் இறங்கி அவன் பக்கத்தில் மண்ணை அள்ளத் தொடங்கினேன்.

“அண்ணே, பிழைப்பேனா?”

“பிழைக்காம? நாளைக்கே லீவு கேட்டு என் உயிரை வாங்கத்தானே போறே!”

அவன் சிரித்தான். அந்தச் சத்தம் கேட்டு மற்றவர்களும் இறங்கினார்கள். அவனை உயிரோடு வெளியே தூக்கினோம்; கால் எலும்பு முறிந்ததோடு சரி.

“உங்க தைரியம்தாண்ணே எங்களை இறங்க வெச்சுது” என்கிறார்கள். உன்னிடம் சொல்வதற்கென்ன, எனக்கு நம்பிக்கையே இல்லை. அவனுக்காக, நம்பிக்கை இருப்பதுபோல் பேசினேன். மண்ணை அள்ள அள்ள எனக்கும் அது வந்தது. அவனை ஆஸ்பத்திரி வண்டியில் ஏற்றியபின் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போய் வாந்தியெடுத்தேன்.

ஊருக்கு வரும் கிரேன் டிரைவரிடம் ஒரு போர்வை கொடுத்தனுப்பு. இங்கேயும் கிடைக்கும்தான். நீ போர்த்துகிற பழையதே போதும். துவைக்க வேண்டாம்.

வேலைக்கு வண்டி வந்துவிட்டது.

உன் கணவன்