அறுநூறு பக்கப் பயம்

அண்ணை,

காலையில் பையைத் தேடி அலுமாரியை இழுத்தபோது நீங்கள் வாசிக்கிற அந்த இங்கிலீஷ் நாவல் காலில் விழுந்தது. நூலகத்தில் கழித்துவிட்ட பிரதி. எண்பதுகளின் கடைசியில் லண்டன் செவன் கிங்ஸில் நாம் இருவரும் இருந்த அறையின் ஈர மணம் இன்னும் அதில் இருக்கிறது.

பெட்ரோல் ஸ்டேஷன் ஷிப்ட் முடித்து வந்து அதை எனக்குத் தமிழில் சொல்லுவீர்கள். செய்த குற்றத்தை ஒளித்துவிட்டு ஊருக்கு நல்லவனாக வாழும் ஒருவனின் கதை. எனக்குப் பொறுமை இல்லை.

"முதல் நாளே போய்ச் சொல்லியிருந்தால் பத்துப் பக்கத்திலை முடிஞ்சிருக்கும். ஏன் அறுநூறு?" என்றேன்.

"மிச்சம் ஐந்நூற்றுத் தொண்ணூறும் பயமடா. லிப்ட் திருத்திறவன் நீ, உனக்கு விளங்காது, இதிலை பட்டன் இல்லை" என்று சிரித்தீர்கள்.

விளங்கியது அண்ணை. அப்போதே விளங்கியது.

என்னை ஊரில் ஒருவரும் பிடித்து அடைக்கவில்லை, அடிக்கவில்லை. பயத்தில் ஓடிவந்தவன் நான். தஞ்சம் கேட்கும் மனுவில் அப்படி எழுதினால் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று நினைத்தேன். அதனால் நீங்கள் ஒருநாள் சோறு வடித்துக்கொண்டே சொன்னதை எடுத்தேன். பள்ளிக்கூடத்தில் ஆமி உங்களை அடைத்து வைத்த மூன்று நாள், கண்ணில் கட்டிய துணியின் டீசல் மணம், பக்கத்து அறையில் நின்றுபோன இருமல், எல்லாவற்றையும் எனக்கு நடந்ததாக எழுதிக் கொடுத்தேன். எனக்கு விசா கிடைத்தது.

உங்கள் விசாரணை பிறகு வந்தது. திரும்பி வந்து சப்பாத்தைக் கழற்றாமலே கட்டிலில் இருந்தீர்கள்.

"இந்தக் கதையை முதலே ஒருத்தர் குடுத்திட்டாராம். நான் பாத்தெழுதினனாம்."

நான் வாயிலிருந்த புட்டை விழுங்கினேன். "அப்பீல் பண்ணலாம் அண்ணை" என்றேன். அப்பீலுக்கு நாள் வருமுன் வேலையிடத்தில் நெஞ்சுவலி வந்து கண்ணை மூடிவிட்டீர்கள்.

அதற்கு முந்தின வாரம்தான் புத்தகத்தை என் கட்டிலில் வைத்தீர்கள். அவன் குற்றத்தை ஒப்புக்கொள்ளும் பக்கம் மடித்திருந்தது. "வாசிச்சு முடி" என்றீர்கள், அவ்வளவுதான். தெரிந்துதான் மடித்தீர்களா? ஐந்து வருடமாக அந்தக் கேள்விக்குப் பயந்தே நான் அந்தப் பக்கத்தைத் தாண்டவில்லை.

போன மாதம் உங்கள் மனைவி, அக்கா, பிள்ளையோடு ஊரிலிருந்து வந்திறங்கினா. உங்களுக்கு நடந்ததைச் சொல்லித்தான் அவவும் தஞ்சம் கேட்டிருக்கிறா. பழைய பைலில் உங்கள் கதை பொய் என்று கிடக்கிறது, அவவையும் நம்பமாட்டார்கள் என்று வக்கீல் சொல்லிவிட்டார். அக்கா என்னிடம் ஒன்றுதான் கேட்டா.

"தம்பி, நீங்கள் அவரோடை இருந்தனீங்கள். அவர் பொய் சொல்லுறவரே?"

"இல்லை அக்கா" என்றேன். மிச்சத்தைச் சொல்லாமல் தேத்தண்ணி போடப் போனேன்.

இன்று குடிவரவுக்காரருக்கு எழுதிவிட்டேன். கதை அவருடையது, திருடியவன் நான் என்று கையெழுத்தும் வைத்துவிட்டேன். விசா போகும், ஜெயிலும் வரலாம். அந்த வாக்குமூலம் நீங்கள் மடித்த பக்கத்தில், புத்தகம் என் பையில். முதலில் அக்காவிடம் சொல்லவேண்டும், பிறகு அவவோடு வக்கீலிடம். குரோய்டன் குடிவரவுக் கந்தோரைவிட அக்காவின் முகத்துக்குத்தான் பயமாக இருக்கிறது.

சப்பாத்தைப் போட்டுவிட்டேன். மிச்சம் பத்துப் பக்கம்தான் அண்ணை. போயிட்டு வாறன்.