கிரியாட்டினின் ஒன்றரை

மார்ச் 4

டெஸ்ட்டுக்கு ரத்தம் கொடுத்துவிட்டு வந்தேன். அக்காவுக்கு என் சிறுநீரகம் ஒன்று என்று முடிவான நாளிலிருந்து ஜிம்முக்குப் போகிறேன். கொடுக்கிற பொருள் தரமாக இருக்க வேண்டாமா? தினமும் முட்டை, கறி, ஜிம் மாஸ்டர் கொடுத்த பவுடர். லிஃப்ட் ரிப்பேர்தான் என் பிழைப்பு. மாடி ஏறினால் இப்போது மூச்சு வாங்குவதே இல்லை. அக்கா என் கையை அழுத்திப் பார்த்தாள். "டேய், எனக்கு கிட்னி போதும்டா. மல்யுத்தத்துக்கா போறோம்?"

மார்ச் 5

கிரியாட்டினின் 1.5.

1.3-க்குள் இருக்க வேண்டுமாம். டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார். "இது தசையில உண்டாகிற கழிவு. கிட்னிதான் வெளியே தள்ளணும். ரத்தத்துல தேங்குதுன்னா வடிகட்டுறது குறைஞ்சிருக்கலாம். இந்த நிலைமைல உங்ககிட்ட எடுக்க முடியாது. வேற ஆள் பாருங்க." மாத்திரை ஏதாவது சாப்பிடுகிறீர்களா என்று கேட்டார். இல்லை என்றேன்.

வேற ஆளுக்கு எங்கே போவது? அப்பா இல்லை. அம்மாவுக்குச் சர்க்கரை.

வெளியே வந்து வண்டியில் உட்கார்ந்தேன். எழுதவே கூசுகிறது — அப்பாடான்னு இருந்தது. சீ! என்ன மனுஷன்டா நீ?

மார்ச் 6

அக்காவிடம் சொன்னேன். டயாலிசிஸ் முடிந்து படுத்திருந்தாள், வாயில் ஒரு ஐஸ் துண்டு. அவளுக்குத் தண்ணீர் அளந்துதான். தாகத்துக்கு அதைத்தான் சப்புவாள். "எனக்குத்தான் மெஷின் இருக்கே. முதல்ல உன் உடம்பைப் பாருடா" என்று அழுதாள். எனக்காக அழுதாள்.

மார்ச் 9

பவுடர் டப்பா காலி. தூக்கிப் போடும்போதுதான் பின்பக்கத்தைப் படித்தேன். பொடி எழுத்தில் — ரத்தத்தில் கிரியாட்டினின் அளவைக் கூட்டக்கூடும்.

தலையில் அடித்துக்கொண்டேன். மாத்திரையைத்தானே கேட்டார்? பவுடரைச் சொல்லணும்னு எனக்குத் தோணவே இல்லையே. அப்போ கிட்னி கெட்டுப் போகலையா? நம்பரை ஏத்தி விட்டதே நான்தானா?

மனைவியிடம் காட்டினேன். டப்பாவை வாங்கிப் படித்தாள். "டாக்டர்கிட்ட சொல்லப் போறீங்களா?"

சொல்ல வேண்டாம் என்று அவள் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் பழியை அவள் மேல் போட்டிருப்பேன்.

மார்ச் 10

சொல்லவில்லை.

மார்ச் 11

இன்றும் சொல்லவில்லை. வேலை என்று ஒரு சாக்கு.

பயமா இருக்கு. கத்தி வைக்கப் போறாங்க, பயம் இருக்காதா? அதுக்காக ஒன்றரைங்கிற நம்பருக்குப் பின்னாடி போய் ஒளிஞ்சுக்கலாமா?

மார்ச் 12

இரண்டு மாடிக்கு நடுவே லிஃப்ட் நின்றுவிட்டது என்று கூப்பிட்டார்கள், போனேன். உள்ளே ஒரு அம்மா ஒரே கூப்பாடு. "ஆள் வந்தாச்சும்மா!" என்று கத்தினேன். கதவு திறக்க இன்னும் நேரமிருந்தது, ஆனாலும் அந்த அம்மா அடங்கிவிட்டார். ஆள் வந்தது தெரிந்ததே போதுமாக இருந்தது. வேலை முடிந்ததும் படியிலேயே உட்கார்ந்து டாக்டருக்கு போன் போட்டேன்.

"பவுடரா! அதை முதல்லயே சொல்லக் கூடாதா? பவுடர், ஜிம், கறி எல்லாத்தையும் நிறுத்திட்டு அடுத்த மாசம் வாங்க. முழுசா டெஸ்ட் பண்ணிடலாம்."

ஏப்ரல் 16

ஒரு நாள் முழுக்கப் போன சிறுநீரைக் கேனில் பிடித்துக் கொடுத்தேன். ஆஸ்பத்திரி வரைக்கும் அதைக் கைக்குழந்தை மாதிரி மடியில் வைத்துக்கொண்டு போனேன்.

ஏப்ரல் 18

0.9. வடிகட்டும் வேகமும் நன்றாக இருக்கிறதாம். மனைவி ரிப்போர்ட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். உள்ளே போய் முகம் கழுவிக்கொண்டு வந்தாள். "சரி, ஆபரேஷனுக்குத் தேதி வாங்குங்க."

மே 20

நாளைக்கு. "பயமா இருந்தா இப்பவே சொல்லிடுடா" என்றாள் அக்கா. "பயமாத்தான் இருக்கு" என்றேன். "எனக்கும்" என்றாள். அப்புறம் இரண்டு பேரும் ஆஸ்பத்திரிச் சாப்பாட்டைத் திட்டிக்கொண்டிருந்தோம்.

ஜூலை 2

இருவருக்கும் ரிசல்ட். எனக்கு 1.4. "மறுபடியுமா?" என்று டாக்டரிடம் நீட்டினேன். டாக்டர் சிரித்தார். "ரெண்டு செஞ்ச வேலையை இப்ப ஒண்ணே செய்யுது. உங்களுக்கு இனிமே இதுதான் நல்ல நம்பர்."

எட்டில் இருந்த அக்கா 1.1-க்கு இறங்கிவிட்டாள். "என்னடா, என்னைவிட மோசமா வாங்கியிருக்க?" என்று ஒரே நக்கல்.

வெளியே குழாயில் டம்ளர் வழியப் பிடித்தாள். யாரும் அளக்கவில்லை. மடமடவென்று குடித்தாள், தாடையெல்லாம் வழிந்தது. இன்னொரு டம்ளர் பிடித்து என்னிடம் நீட்டினாள்.

"நீயும் குடிடா. மிச்சம் இருக்கிறதுக்கும் தண்ணி வேணும்ல."