மியூரியல் வரும்போது புகை தெரிய வேண்டும்

ரோவனா,

உன் அத்தை மியூரியல் லான்செஸ்டன் பஸ்ஸில் வருகிறாள். அழைத்து வரப் போகிறேன். ஓவனில் ஆட்டுத்தொடை வேகிறது; திறந்து திறந்து பார்க்காதே.

நேற்று நீ போட்ட கணக்கை நான் மறுக்கவில்லை. குளிர்காலம் முழுக்க எரிக்க விறகுக்கு ஆயிரம் டாலர், கேஸ் கணப்புக்கு அதற்கும் மேல், கரண்ட் ஹீட்டருக்கு விறகுச் செலவில் பாதி. "புகைபோக்கி சுத்தம் பண்றவனுக்கும் உங்க முதுகு டாக்டருக்கும் குடுக்கிறதை எதுலப்பா சேர்க்கிறது?" என்று கேட்டாய். கேட்ட விதம் எனக்குப் பிடிக்கவில்லை. கணக்கு சரிதான். அதனால்தான் ஹீட்டரைச் சுவரில் மாட்டவிட்டேன்.

ஆனால் நாம் விறகு எரிக்கும் குடும்பம். மியூரியல் கண்ணில் அந்த ஹீட்டர் பட்டால் மறுநாளே உறவு முழுக்கத் தெரிந்துவிடும். ஹீட்டர் மேல் ஏதாவது விரிப்பைத் தொங்கவிடு. இப்போதே கணப்பில் தீ மூட்டு. வாசலில் அடுக்கியிருக்கும் கட்டைகளைத் தொடாதே, அவை பார்வைக்கு. கொட்டகையில் இருப்பதை எடு. சாலை வளைவிலிருந்தே புகை தெரிய வேண்டும்.

அப்பா

பி.கு.: கிளம்பும்போது அவளே போன் செய்தாள். "அண்ணா, என் ரூம்ல சுவிட்சைத் தட்டினா சூடாகிற மெஷின் ஏதாவது இருக்கா? எங்க வீட்டு விறகுக் கணப்பைப் போன வருஷமே வித்துட்டேன். யார்கிட்டயும் சொல்லிடாதே."

"இந்த வீட்டுல அந்த மாதிரி எதுவும் கிடையாது" என்று சொல்லிவிட்டேன்.

பரண்மேல் இருக்கும் கம்பளிகளை இறக்கு. அவள் பத்து நாள் தங்குகிறாள். உனக்கும் ஒன்று எடுத்துக்கொள்.