முப்பத்து நாலு பல்

மார்ச் 3, 2010, தைச்சுங், தைவான்

என் வரைபடத்தைத் தள்ளிவிட்டார்கள். பட்டம் வாங்கி இந்த சைக்கிள் பாகத் தொழிற்சாலைக்கு வந்த இரண்டு வருடத்தில் என் பெயர் போட்ட முதல் வரைபடம். பின்சக்கர கேசட்டில், அதாவது பல்சக்கர அடுக்கில், கடைசிப் பல்சக்கரம் 28 பல்லுக்குப் பதில் 34. முன்னாலும் 34 இருந்தால் பெடல் ஒரு சுற்று, சக்கரம் ஒரு சுற்று. மலையில் முட்டி பிழைக்கும்.

பிரிவுத் தலைவர் லியாவ் மாதிரியைத் தூக்கிக் காட்டினார். "இது கேசட்டா, சோத்துத் தட்டா? எந்த ஆம்பளை இதை மாட்டுவான்?" எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஏன் சிரித்தேன்?

செய்த எட்டு மாதிரிகளும் அடுத்த மாதம் பழைய இரும்புக்குப் போகும். முதலாளியம்மா கடைசியாக ஒருமுறை பார்த்த பிறகு.

மார்ச் 7

அப்பாவிடம் போனில் சொன்னேன். முப்பது வருடமாக லாரி ஓட்டுகிறவர். "மேட்டுல முதல் கியர் போட வெக்கப்படுறவன் வண்டியில நான் ஏறமாட்டேன்" என்றார்.

மார்ச் 22

ஏப்ரல் 11 அன்று வழக்கம்போல எங்கள் பிரிவின் வூலிங் மலை சைக்கிள் பயணம். கிளம்புமுன் குந்தி உட்கார்ந்து ஒருவர் கேசட்டில் பொறித்த எண்ணை ஒருவர் படிப்பார்களே, அந்தச் சடங்கும் உண்டு. பெரிய எண் என்றால் காலில் வலு இல்லை என்று வருடம் முழுக்கக் கேலி.

நான் 34-ஐ மாட்டப்போகிறேன். கேலி செய்யட்டும்.

மார்ச் 29

மாதிரி அறைக்கு, கூட வேலை செய்யும் ஹுங் அண்ணன் வந்தார். கதவைச் சாத்தினார். "தங்கச்சி, எனக்கு முட்டி வலி. அந்தத் தட்டு ஒண்ணு... எண் இன்னும் பொறிக்கலைதானே? 28-னு போட்டுக் குடேன்."

பொறித்துக் கொடுத்தேன்.

மார்ச் 31

எங்கள் பிரிவு ஃபானும் ஒரு தட்டு கேட்டு வந்தார். மனைவி கவலைப்படுகிறாளாம். 28.

ஏப்ரல் 6

இன்னும் நாலு பேர். ஆளுக்கொரு நோய். நான் வாயே திறக்காதவள் என்பது இத்தனை பேருக்கு வசதியாக இருக்கும் என்று தெரியாமல் போயிற்று.

ஏப்ரல் 9

லியாவ்! கதவுக்கு வெளியே எட்டிப் பார்த்துவிட்டு, "சும்மா சோதனைக்குத்தாம்மா" என்றார்.

"என்ன எண் போடணும் சார்?"

"...25 போடு."

சிரிப்பை அடக்கியதில் விலா வலிக்கிறது.

ஏப்ரல் 11

பெரிய பல்சக்கரம் என்றால் சங்கிலி மாற்றியின் கையும் நீளமாக இருக்க வேண்டும். மலையடிவார ஊரான புலியில் வரிசையாக நின்ற எட்டு வண்டியிலும் நீண்ட கை. குந்தினார்கள், படித்தார்கள். "28." "28." "25! அடேயப்பா!" கையைப் பற்றி ஒருவரும் மூச்சு விடவில்லை. என்னுடையதில் மட்டும் 34. "தட்டு வந்தாச்சு, சோறு எங்க?" என்றார் ஹுங் அண்ணன். அவரே!

கடைசி மேட்டில் மூடுபனி. லியாவ் என் பக்கத்திலேயே வந்தார். இருவர் காலும் ஒரே தாளத்தில் சுற்றின. 25-ஐ வைத்துக்கொண்டு அந்த மேட்டில் அப்படிச் சுற்றவே முடியாது. அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். "பாத்தியா, 25 போதும்!" என்று மூச்சு வாங்கக் கத்தினார்.

யாரும் வழியில் நிறுத்திக் கால் ஊன்றவில்லை. நானும்தான்.

ஏப்ரல் 14

முதலாளியம்மா கூட்டத்துக்கு வந்தார். "அந்த எட்டையும் கொண்டா, பாத்துட்டுத் தூக்கிப் போடலாம்."

"இல்லைங்க."

"எட்டும் இல்லையா?"

"ஒண்ணு என் வண்டியில இருக்கு."

"மீதி ஏழு?"

சொன்னால் ஏழு பேர் மானம் போகும். சொல்லாவிட்டால் என் 34 போகும், நான் திருடி என்று ஆகும். மேசையைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். சொல்லவில்லை.

ஹுங் அண்ணன் கை மெல்ல எழுந்தது. "என்கிட்ட ஒண்ணு." ஃபான். பிறகு அந்த நாலு பேர். கடைசியாக லியாவ், தலை சொறிகிற மாதிரி.

முதலாளியம்மா எண்ணி முடித்தார். "வாங்க ஆளே இல்லைன்னு சொன்னது யாருய்யா?"

ஏப்ரல் 20

34 உற்பத்திக்குப் போகிறது. எண்ணை எங்கே பொறிப்பது என்று கேட்டேன். உள்பக்கமாக, சின்னதாக, யார் கண்ணிலும் படாமல் என்றார் லியாவ்.