அமெரிக்காவிலும் எவடம்

அத்தான்,

அக்கா நேற்று உங்கள் கறுப்புத் தோல்பையைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்து, ஓய்வூதிய அலுவலகத்துக்குத் தேவையான கடிதங்களைப் பிரித்துத் தரச் சொன்னாள். உங்கள் முப்பத்தோராம் நாள் காரியம் முடிந்து ஒரு கிழமைகூட ஆகவில்லை. சம்பளச் சிட்டைகளுக்கும் வாடகை ரசீதுகளுக்கும் நடுவே அந்த நான்கு தாள்கள் இருந்தன. மஞ்சள் மையால் கோடு இழுத்து, ஓரத்தில் உங்கள் குண்டு எழுத்தில் ‘கூடாது’ என்று எழுதியிருந்தீர்கள். கலியாணப் பதிவையே தொலைத்துவிட்டு அக்காவை அலையவிட்ட மனிதர், இதை மட்டும் பிளாஸ்டிக் உறையில் போட்டுப் பத்திரப்படுத்தியிருக்கிறீர்கள்.

அமெரிக்காவில் ஒஹாயோ மாநிலத்தின் ஒரு நடுத்தர நகரம். அதன் பெயரை எழுத எனக்கு இன்னும் மனம் வரவில்லை. சனத்தொகை எவ்வளவு, அதில் வெள்ளையர் எத்தனை, கறுப்பர் எத்தனை, ஆசியர் எத்தனை, குடும்ப வருமானம் என்ன, வீடு என்ன விலை, வறுமையில் இருப்போர் எத்தனை பேர் என்று எல்லாம் அந்தத் தாள்களில் இருக்கிறது. நீங்கள் ஒருநாளும் கால் வைக்காத ஊர். உலகப் படத்தில் காட்டச் சொன்னால் பிரேசிலில் விரல் வைத்திருப்பீர்கள்.

2009 வரைக்கும் உங்களுக்குச் சொல்லப் போர்ச் செய்தி இருந்தது. லாச்சப்பல் தமிழ்க் கடைத்தெருவில், ரூ பிலிப்-து-ஜிராரில் தேநீரோடு நின்று, கேட்டவர்களுக்கும் கேட்காதவர்களுக்கும் சொன்னீர்கள். பிறகு சொல்ல ஒன்றுமில்லாமல் போயிற்று. அந்த வெறுமையை நான் இகழவில்லை, அது எல்லோருக்கும் இருந்தது. நீங்கள் அதை நிரப்பிய விதத்தைத்தான் இகழ்கிறேன். யாருடைய பிள்ளை எந்த நாட்டில், எந்த நகரத்தில், அது நல்ல இடமா, கூடாத இடமா என்று தரம் பிரிக்கத் தொடங்கினீர்கள். லண்டனில் இன்ன பகுதி சரியில்லை, ரொறொன்ரோவில் இன்ன பகுதிக்கு நல்ல ஆட்கள் போகமாட்டார்கள் என்று, இந்தப் பிரெஞ்சுப் புறநகரான ஆர்ஜொந்தெயில் அரசாங்க வாடகை வீட்டின் நாலாம் மாடியில் இருந்துகொண்டு தீர்ப்புச் சொன்னீர்கள்.

அப்போதுதான் சாருவுக்கு அந்தச் சம்பந்தம் வந்தது. பையன் அந்த ஒஹாயோ நகரத்து மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுப்பவன். சாதகம் பொருந்தியது. இரண்டு பேரும் கணினியில் பேசிப் பழகினார்கள். வீட்டில் ஒருநாளும் வாய் திறக்காத உங்கள் மகள், கதவைச் சாத்திக்கொண்டு சிரிக்கும் சத்தம் கேட்டது. இருபத்தேழு வயதில் அவள் முதன்முதலாக ஒன்றை விரும்பிக் கேட்டாள். உங்களுக்கும் அது தெரியும்.

எங்கள் ஆட்களிடம் ஒரு கேள்வி இருக்கிறது. பெயரைக் கேட்போம், ஊரைக் கேட்போம், பிறகு குரலைத் தாழ்த்தி, ‘ஊரில எவடம்?’ என்போம். எந்தக் கோயிலடி, எந்த ஒழுங்கை என்று பதில் வந்ததும் சாதி தெரிந்துவிடும். சாதி என்ற சொல் வாயில் வராமலே காரியம் முடிவதால் எங்களைப் பண்பானவர்கள் என்றும் நினைத்துக்கொள்வோம். பையனின் ஊரை அப்படி விசாரித்ததில் உங்களுக்குக் குறை ஒன்றும் அகப்படவில்லை. அத்தோடு விட்டிருக்கலாம். நீங்களோ அமெரிக்காவிலும் எவடம் என்று கேட்டீர்கள். பையனின் விலாசத்தை வாங்கி, லாச்சப்பலில் ஒரு கடையில் கொடுத்து அந்த நான்கு தாள்களையும் அச்செடுத்து வந்தீர்கள்.

உங்களுக்கு ஆங்கிலம் தெரியாது. நான் சரக்கு அனுப்பும் அலுவலகத்தில் வேலை செய்வதால் எனக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சோற்றுக் கோப்பையை ஒதுக்கிவிட்டு என்னைத் தமிழில் வாசிக்கச் சொன்னீர்கள். வாசித்தேன். நகரத்தைத் தபால் எண்படி பிரித்துப் போட்டிருந்தார்கள். பையன் இருந்த பகுதியில் கறுப்பர்கள் அதிகம், வருமானம் குறைவு. மருத்துவமனை அவன் வீட்டிலிருந்து நடக்கிற தூரம், இரவில் கூப்பிட்டாலும் ஓட வேண்டிய வேலை என்று சாரு சொன்னாள். நீங்கள் அவள் பக்கம் திரும்பவே இல்லை.

“படிச்ச பொடியன் ஏன் அந்த ஆக்களுக்குள்ள போய் இருக்கிறான்? ஏதோ பிழை இருக்கு,” என்றீர்கள்.

சாரு உள்ளே போய்ச் சற்று நேரத்தில் வேறொரு தாளோடு வந்தாள். நாங்கள் இருக்கும் ஊருக்கும் அப்படி ஒரு விவரம் இருக்கிறதாம். சித்தி, இதையும் அப்பாவுக்கு வாசியுங்கள் என்று பிரெஞ்சில் சொன்னாள். வெளிநாட்டார், வேலையில்லாதோர், அரசாங்க வாடகை வீடுகள் என்று நான் வரிசையாக வாசித்தேன். பொறுமையாகக் கேட்டீர்கள்.

“அது இஞ்சை இருக்கிற மற்ற ஆக்களைப் பற்றினது. நாங்கள் அதுக்குள்ள இல்லை.”

உங்களையும் சேர்த்து எண்ணித்தான் அந்தக் கணக்கு வந்தது, அத்தான். பையனின் தாய் உங்களைப் போல ஒரு தாளை அச்செடுத்திருந்தால், நாலாம் மாடியில் இருக்கும் நீங்கள்தான் அந்த ஆக்கள். அன்று இதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மறுநாள் தொலைபேசியில் சம்பந்தத்தை முறித்தீர்கள். காரணம் கேட்ட தாயிடம், பிள்ளைக்குத் தூரதேசம் விருப்பமில்லை என்று பொய் வேறு சொன்னீர்கள்.

அந்தப் பையன் வேறிடத்தில் கலியாணம் கட்டிவிட்டான். சாரு லியோனுக்கு வேலை மாற்றம் வாங்கிக்கொண்டு போனாள். பிறகு வந்த எந்தச் சம்பந்தத்துக்கும் அவள் படம் கொடுக்கவில்லை. உங்களோடு பேசியதெல்லாம் திருநாள் வாழ்த்தும் மருந்து விபரமும்தான். நீங்களோ கடைசிவரைக்கும் அவளைப் பெரிய ஆபத்திலிருந்து காப்பாற்றியதாகவே சொல்லித் திரிந்தீர்கள். நோயில் கிடக்கும்போதுகூட ஒரு வார்த்தை வருத்தம் சொல்லவில்லை. அதற்காக உங்கள் மேல் இரங்க என்னால் முடியவில்லை. செத்துப்போனவரைத் திட்டக்கூடாது என்கிறாள் அக்கா. உயிரோடு இருந்தபோது திட்டாததுதான் என் பிழை.

உங்களை எரித்த அன்று, வெளியே குளிரில் நிற்கும்போது சாரு என்னிடம் வந்தாள். அவள் பிரெஞ்சில் பேசவில்லை.

“சித்தி, அவருக்கு இங்கிலீஸ் தெரியாது. நீங்கள் வேற என்னவும் வாசிச்சிருக்கலாமே. ஏன் வாசிச்சனீங்கள்?”

அவர் கேட்டார், வாசித்தேன் என்றேன். சாரு தலையாட்டிவிட்டுத் தாயிடம் போய் நின்றாள்.

அது உண்மையில்லை என்பது உங்களுக்கு மட்டும்தான் தெரியும். பையன் இருக்கும் இடம் எப்படிப்பட்டது என்று அறிய எனக்கும் ஆசை இருந்தது. அந்தப் பகுதியைப் பற்றிய வரி வந்தபோது நான் நிறுத்தினேன். உங்கள் முகத்தைப் பார்த்தேன். பிறகு அதே வரியை நிதானமாக, இன்னும் தெளிவாக, மறுபடி வாசித்தேன். மறுபடி வாசிக்கும்படி நீங்கள் கேட்கவில்லை.