வேண்டாம் என்று எழுதிய தாள்

என் வாயாடிக்கு,

நேற்று உன் கல்லூரி டீச்சரம்மா போன் செய்தார். நீ இரண்டு பாடத்தில் தவறிவிட்டாய் என்றும், படிப்பையே நிறுத்திக்கொள்வதாக எழுதிக் கொடுத்திருக்கிறாய் என்றும் சொன்னார். பக்கத்து வீட்டுப் பூனை குட்டி போட்டதுவரை என்னிடம் விசாரிக்கிறவள், இதை மட்டும் விழுங்கிவிட்டாய்.

"தனி வகுப்பு வேண்டாம்னு நீங்கதான் எழுதி அனுப்பினீங்களாம்மா?" என்று கேட்டார்.

"ஆமா, நான்தான். என் பேத்தி என்ன மக்கா?"

"மக்குப் பிள்ளைங்களுக்கு இல்லம்மா. வீட்ல சொல்லிக்குடுக்க ஆளில்லாம வர்ற பிள்ளைங்களுக்கு. போன வருஷம் இதுல சேர்ந்தவங்க ஒருத்தர்கூட படிப்பை விடலை."

எங்கள் பள்ளிக்கூடத்தில் நம் ஆட்களின் பிள்ளைகளைக் கடைசியில் தனியாக உட்காரவைப்பார்கள். ஐந்தாவதுவரை என் இடம் அதுதான். தனி வகுப்புக்குச் சம்மதம் கேட்டு உன் கல்லூரி அனுப்பிய தாளில் 'சிறுபான்மை மாணவர்களுக்கு மட்டும்' என்று படித்ததும் அந்த மூலைதான் கண்முன் வந்தது. ரோஷத்தில் வேண்டாம் என்று எழுதிவிட்டேன். தப்பு என்னுடையது. நீ தலைகுனியாதே.

உன்னைச் சேர்த்துக்கொள்ளச் சொல்லிப் புதுத் தாளில் எழுதி, கையெழுத்துப் போட்டு இதோடு வைத்திருக்கிறேன். நீ எழுதிக் கொடுத்ததை முதலில் திரும்ப வாங்கு.

தனி வகுப்பு இந்த விடுமுறை முழுக்க நடக்குமாம், வீட்டுக்கு அனுப்ப மாட்டார்களாம். அதற்கென்ன, எனக்கு இங்கே ஆயிரம் வேலை. நீ வருவாய் என்று ஒரு போர்வை வாங்கினேன். அதை நானே போர்த்திக்கொள்கிறேன். நல்ல கதகதப்பாகத்தான் இருக்கிறது.

உன் ரோஷக்காரப் பாட்டி